வெள்ளிக்கிழமைக் கருவாடு

அக்கா,

வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் என் குசினியில் கருவாடு பொரிகிறது. மாமி மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு எழும்பிப் போய்விட்டா. என் மனுசன் கிணற்றடியில் நின்று, "உனக்கென்ன விசரே?" என்று கத்துகிறார். விசர்தான், பைத்தியம்தான். இந்த மணம் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து நிற்பதுபோல இருக்கிறது. சந்தோசமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

நேற்று உங்கள் எட்டுச்செலவு, நீங்கள் போய் எட்டாம் நாள் படையல். அங்கே நான் செய்துவிட்டு வந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

வன்னிச் சனம் என்ன மீன் சாப்பிடுகிறது, எங்கே வாங்குகிறது, எந்த நாளில் சாப்பிடாமல் விடுகிறது என்று அறிய ஒரு வினாக்கொத்துச் செய்யச் சொல்லி, கிளிநொச்சி அலுவலகத்தில் எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் இருத்தினார்களே, அங்கேதான் இந்தக் கதை தொடங்குகிறது. மேலிடத்தில் இருந்து வந்த மாதிரியில் 'சால்மன்' என்று ஒரு மீன் இருந்தது. "இது தகர ரின்னுக்குள்ளதான் நீந்தும்" என்று நீங்கள் சொல்ல, எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. சால்மனை வெட்டிவிட்டு மணலை, ஓரா, சூடை, திருக்கை என்று எழுதினோம். கருவாட்டுக்குத் தனிக் கேள்வி வேண்டுமென்று சண்டை பிடித்து வென்றீர்கள்.

'வீட்டில் எத்தனை பேர்?' என்ற முதல் கேள்வியில்தான் முரண்டு பிடித்தீர்கள். எந்த ஆய்விலும் அதுதானே முதலில் வரும் என்றேன். "எங்கட சனத்திட்ட வந்து எத்தினை பேர் எண்டு கேட்டவை ஒருத்தரும் நல்லதுக்குக் கேக்கேல்லை. அதைக் கடைசியில போடும் பிள்ளை. முதல்ல இண்டைக்கு என்ன கறி எண்டு கேளும்," என்றீர்கள். சரியென்று மாற்றிவிட்டு, ஒத்திகைக்கு உங்களிடமே எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தேன். எத்தனை பேர் என்றதற்கு "ரெண்டு" என்றீர்கள். புருசன் செத்த பிறகு நீங்கள் தனியே இருப்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்த விசயம். உங்கள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு என்றே எழுதினேன்.

பிறகு பூநகரிக்குச் சோதித்துப் பார்க்கப் போனோம். வேலியோரம் இருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்த அந்த மனுசியை மறக்க முடியுமா? மீன் சமைக்காத நாட்களுக்கு என்ன காரணம் என்று கேட்டு, விடைகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்ட வேண்டும். நான் வாசித்தேன். விரதம். விலை. மீன் கிடைக்கவில்லை. வீட்டில் மரணம். செத்தவீடு என்றால் முப்பத்தொன்றாம் நாள் முடியுமட்டும் எட்டுச்செலவைத் தவிர மீன், மச்சம் இல்லை என்பது ஊர் வழமை. அதனால்தான் அந்த விடையைப் போட்டிருந்தோம். ஆனால் அந்த மனுசிக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் கேட்டது. கை அப்படியே நின்றது.

"ஆற்ற சாவுச் செய்தி கொண்டு வந்தனீங்கள்?"

"இல்லையம்மா, இது கேள்வி..."

"ஒளிக்காமல் சொல்லுங்கோ. மூத்தவனோ?"

ஐயோ அக்கா, அந்தக் கண்! கையில் தாளோடு வேலிக்கு வெளியே நின்ற என்னை யமனைப் பார்ப்பதுபோலப் பார்த்தா. நீங்கள்தான் அவா பக்கத்தில் குந்தி, சுளகில் இருந்து ஒரு இறாலை எடுத்து உடைக்கத் தொடங்கினீர்கள். "இண்டைக்கு என்ன கறி, அம்மா?"

உங்கள் கையில் இருந்த இறாலைப் பார்த்து, "இறால்," என்றா.

"இறால் கறியெண்டா இது செத்தவீடில்லை. ஒரு செய்தியும் இல்லை. உடையுங்கோ."

திரும்பி வரும்போது பரந்தனில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோதுதான் உங்கள் மகனைப் பற்றிச் சொன்னீர்கள். சண்டையின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில், சனத்துக்குள் உங்கள் கையில் இருந்து நழுவிப் போனவன். அவனுக்காக ஒரு நாளும் மச்சம் விட்டதில்லை என்றீர்கள். வெள்ளியிலும், கோயில் திருவிழாவிலும், ஒரு துண்டுக் கருவாடாவது சுட்டுவிடுவீர்களாம். "வேலிப் படலையில வந்து நிண்டு மணந்து பாப்பான் பிள்ளை. மீன் மணக்காட்டி ஆரோ செத்துப்போச்சினம் எண்டு நினைப்பான். தான்தான் செத்தது எண்டும் நினைப்பான்."

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டேன்.

நேற்று உங்கள் வீட்டில் எல்லாம் இருந்தது அக்கா. பாரைக் குழம்பு, நண்டு, சுறா வறை. உங்கள் அண்ணர் அறைக்குள் உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டார். நான் சோற்றுச் சட்டியோடு வாசலில் நின்றேன். அந்த இலைக்குப் பக்கத்தில் அவர் இன்னொரு இலை விரித்தார். அலுமாரிக்குள் இருந்து உங்கள் மகனுடைய பள்ளிக்கூடப் படத்தை எடுத்து, துடைத்து, அந்த இரண்டாவது இலைக்கு முன்னால் சாத்தி வைத்தார்.

"என்ன அண்ணை இது?"

"அவனுக்கும் சேத்துச் செய்துவிடுவம் பிள்ளை. பாத்துக்கொண்டிருந்தவளும் போயிட்டாள். தாயும் மகனும் ஒண்டாப் போகட்டும்."

கெட்ட மனுசன் இல்லை அவர். அழுதுகொண்டுதான் சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். படைத்து, செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகக் கதவைச் சாத்தினால் முடிந்தது. இத்தனை வருசம் நீங்கள் அடுப்போடு நின்று பிடித்து வைத்திருந்தவனை ஒரு கதவு சாத்துகிற நேரத்தில் அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. சட்டியை வைத்தேன். போய் அந்த இரண்டாவது இலைக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தேன். சோற்றை அள்ளிப் போட்டுக் குழம்பை ஊற்றிச் சாப்பிடத் தொடங்கினேன்.

"ஐயோ பிள்ளை, எழும்பு! உயிரோட இருக்கிறவை இருக்கிற இலையில்லை அது!" என்று அண்ணர் பதறினார்.

"உயிரோட இருக்கிறவை சாப்பிட்டா அது வெறும் சாப்பாட்டிலைதானே. அவன் செத்ததை ஆர் கண்டது? நீங்களோ?"

வெளியில் யாரோ ஒரு கிழவி "கூடாது, கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. குழம்பில் உப்புப் போதாது அக்கா, உங்கள் மச்சாளின் சமையல். ஒரு பருக்கை விடாமல் தின்று இலையை மடித்தேன். அண்ணர் படத்தை எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார். பிறகு உங்கள் ஓரிலைக்கு மட்டும் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் முற்றத்தில் நின்றோம். உள்ளே ஏதோ பாத்திரம் அசைந்த சத்தம் கேட்டது. பூனையாக இருக்கும்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் பயம் பிடித்தது. அந்த இலையில் இருந்ததற்கு என்ன வருமோ, என் பிள்ளைகள் இரண்டுக்கும் ஏதும் ஆகுமோ என்று இரவு முழுக்க எழும்பி எழும்பி அவர்களைப் பார்த்தேன். ஆனாலும் உங்கள் அடுப்பு முப்பத்தொன்றாம் நாள் வரைக்கும் மீன் காணாது என்ற நினைப்பு அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. அதுதான் இந்தக் கருவாடு.

இப்போதுதான் நம் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பிள்ளை படலையடியில் நின்று கூப்பிட்டாள். அடுத்த கிழமை வீடு வீடாகப் போக வேண்டும், என்னிடம் ஒருக்கால் கேட்டுப் பழக வந்தாளாம். நீங்கள் மாற்றி வைத்த ஒழுங்கிலேயே கேட்டாள்.

"இண்டைக்கு என்ன கறி, அக்கா?"

"கருவாடு."

"வெள்ளிக்கிழமையுமோ?"

"இனி வெள்ளிக்கிழமையும்தான்."

எழுதிக்கொண்டே போய்க் கடைசிக் கேள்விக்கு வந்தாள். நான், மனுசன், மாமி, பிள்ளைகள் இரண்டு.

"ஆறு பேர்," என்றேன்.

அவளுக்கு எங்கள் வீடு தெரியும். பேனையை அப்படியே பிடித்துக்கொண்டு, தனக்குப் பின்னால் திறந்து கிடந்த படலையைத் திரும்பிப் பார்த்தாள்.