ஓடைக்கரைப் பரணும் உன் சிவப்புக் கட்டம் போட்ட சட்டையும்

பிரிட்டா, விட்டுக்கொடுத்தால்தான் என்னம்மா, ஒரு வேட்டைப் பரண்தானே என்று, ஊருக்குள் வந்து நான் போன் பண்ணினபோது கேட்டாயே, விட்டுக்கொடுக்க முடியாது, அதுதான் பதில். உனக்கு வேண்டாமென்றால் நீயே வந்து இந்த மேஜையில் எல்லோர் முகத்தையும் பார்த்துச் சொல், உனக்குப் பதிலாக நான் சொல்லமாட்டேன். மற்றபடி இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, குளிர் வந்ததும் உங்கப்பாவின் முட்டி மட்டும் முனகுகிறது, அரிசோனா வெயிலில் நீயும் தெம்பாகத்தான் இருப்பாய், ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே. காட்டுக்குள் இந்த வேட்டைக் கேபினில் சிக்னல் கிடையாது என்பதால்தான் இந்தக் கடிதம், இல்லையென்றால் போனிலேயே கத்தியிருப்பேன்.

நாங்கள் வேட்டைக்கு வந்து இறங்கிய அன்றைக்கே உன் பெரியப்பா ஆர்லன் ஆரம்பித்துவிட்டார். உன் தாத்தா கேபின் சட்டங்களை எழுதிக் கதவுக்கு மேல் அடித்த பலகையைக் காட்டி, ரெண்டு இலையுதிர்காலம் சேர்ந்தாற்போல் யாரும் உட்காராத பரண் அடுத்துக் கேட்பவனுக்காம், போன வருஷமும் பிரிட்டா வரவில்லை, இந்த வருஷமும் இல்லை, அதனால் ஓடைக்கரைப் பரண் என் மருமகன் ட்ரென்டுக்கு என்றார். பதினாறு வயதில் நீ ஆணி அடித்துக் கட்டியது அது, பலகைகளைச் சேற்றில் முதுகில் தூக்கி வந்தது நான், ட்ரென்ட் அன்றைக்கு இந்தக் குடும்பத்திலேயே கிடையாது. “உன் பொண்ணு பாலைவனத்துல குடியேறிட்டா டார்லா, அவளுக்கு எதுக்குப் பரண், ஒட்டகம் சுடவா?” என்று ஆர்லன் சொல்ல எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. உங்கப்பா வாய் நிறைய சீஸை அடைத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறார். அப்படியென்றால் நான் உட்கார்கிறேன் என்றேன். “நீயா? பள்ளிக்கூடத்துலயே முழுசா உட்காராதவ, மூணு மணி நேரம் பரண்ல உட்காருவியா?” நீ வயிற்றில் இருந்தாய், அதனால்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், அது தெரிந்தே சொல்கிறார் அந்த மனுஷன்.

போனேன். நீ விட்டுப்போன சிவப்புக் கட்டம் போட்ட சட்டையைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு, துப்பாக்கி மாதிரி விசை வைத்த உங்கப்பாவின் குறுக்கு வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு மத்தியானம் மூன்று மணிக்கே ஏறிவிட்டேன். முதல் அரை மணி நேரம் ஆர்லனைத் திட்டிக்கொண்டே இருந்தேன், அப்புறம் திட்டக்கூட மனசு வரவில்லை, அவ்வளவு அமைதி, ஓக் இலை ஒன்று விழுந்தாலும் யாரோ நடந்து வருவது மாதிரி கேட்கிறது. ஒரு முள்ளம்பன்றி தன் வீடு மாதிரி ஓடையோரமாக நடந்து போனது. வான்கோழிகள் ஒவ்வொன்றாக பைன் மரத்துக்குத் தாவி ஏறின, பதினொன்று எண்ணினேன், பன்னிரண்டாவது மூன்று தடவை கிளையைத் தவறவிட்டது, எனக்கு ட்ரென்ட் ஞாபகம்தான் வந்தது. வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு பெரிய கொம்பன் மான் வந்தான். கொம்பில் பத்துக் கிளை, இடப்பக்கக் கடைசிக் கிளை பாதியில் முறிந்திருந்தது. நேராக ஏணிக்கு வந்து தாடையைக் கீழ்ப்படியில் சொறிந்தான், பரணே ஆடியது. என் ஒரு கை சாண்ட்விச் பைக்குள், வில் ஆணியில். எடுத்திருக்கலாம், நேரம் இருந்தது, சுடத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வந்து பார்த்ததைச் சொன்னேன். ஆர்லன் நம்பவில்லை, முறிந்த கிளையைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது, மரத்தில் கட்டிவைத்த தன் கேமராவில் விழுந்த அதே மானை அவர் மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறாராம். “ஏணில முதுகு சொறிஞ்சுட்டுப் போச்சா? நீ கைகட்டிப் பார்த்துட்டிருந்தியா?” முதுகு இல்லை தாடை என்றேன், அதற்கு இன்னும் கோபம். குதித்து எழுந்து கத்தரிக்கோலை எடுத்தார். சட்டையின் கீழ்முனையை, அந்த வாலை, வெட்டிச் சுவரில் அடிப்பது குறி தவறியவனுக்குத்தானே, நான் சுடவே இல்லையே என்று கத்தினேன், “சுடாதது அதைவிடப் பெரிய குத்தம்” என்று வெட்டியேவிட்டார், உன் சட்டையை, ஒரு கிழிசல் இல்லாத சட்டையை! வழக்கப்படி அந்தத் துணியில் மையால் என் பேர், தேதி, ‘பிரிட்டா பரண்’ என்று தன் கையாலேயே எழுதி, எல்லார் முன்னாலும் சுவரில் ஆணி அடித்தார். அப்போதுதான் உங்கப்பா ரெண்டு நாளில் முதல்தடவையாக வாயைத் திறந்தார். “அண்ணே, இந்த வருஷம் அந்தப் பரண்ல ஆள் உட்கார்ந்தாச்சுன்னு நீயே எழுதி அடிச்சுட்டியே?”

ஆர்லன் சுத்தியலைத் திருப்பி ஆணியைப் பிடுங்கப் போனார். ஆனால் ஒருமுறை அடித்த வாலை யாரும் பிடுங்கக்கூடாது, அதுவும் தாத்தா பலகையில்தான் இருக்கிறது. ட்ரென்ட் போய் வாசலில் நின்றுகொண்டான்.

ஆக இன்னும் ரெண்டு வருஷம் பரண் உன்னுடையது. ஆனால் ஒன்று சொல்கிறேன், அடுத்த வருஷம் நான் ஏறமாட்டேன், எனக்கு இடுப்பு போய்விட்டது, உன் இடத்தை நீ வந்து காப்பாற்று. சட்டையை வாலில்லாமலே பார்சலில் வைத்திருக்கிறேன், அங்கே வெயில் என்று சாக்குச் சொல்லாமல் ஒரு நாளாவது போட்டுப் பார். நல்லா இரு, தண்ணீர் நிறையக் குடி. பார்சலைத் தபாலில் போட ஆர்லன்தான் ஊருக்குள் போகிறார், உள்ளே என்ன என்று இன்னும் கேட்கவில்லை, வண்டியைக் கிளப்பி ஹாரன் அடிக்கிறார், நான் ஓடணும்.

அம்மா
டார்லா