மேற்கே பாறை, வடக்கே பாலம்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பாவைத் தூங்கவைத்து, அத்தைக்கு மாத்திரை கொடுத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் கை ஓய்ந்தது. மனசு ஓயவில்லை. போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், பக்கத்தில் அத்தையும் இருப்பார். அதனால்தான் மெயில்.

பாப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. அத்தை உங்கள் தங்கை வீட்டுக்குப் போவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். நாங்கள் கிளம்பும் வரை இங்கேதான் இருப்பாராம்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று வகுப்பில் என் மானம் கப்பலேறியது. உங்களால்.

அயர்லாந்துக்குப் போகிற நர்ஸ்களுக்கு நான் எடுக்கிற ஆங்கில வகுப்பில், அந்த ஊர்ப் பழக்கவழக்கம், பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பாடம் உண்டல்லவா? அதை நானே எழுதி, "நீங்க அங்கயே இருக்கீங்க, சரியா இருக்கான்னு பாருங்க" என்று உங்களுக்கு அனுப்பினேன். "எல்லாம் கரெக்ட்" என்றீர்கள். அடுத்த வாரமே, கடலோரத்து மோஹர் பாறைகளைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்து போய், சாயங்காலம் கயிற்றுப் பாலத்தையும் கடந்ததாகப் போனில் சொன்னீர்கள். காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனதாம். பாலத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டீர்களாம். நானும் அதை ஒரு வகுப்பு விடாமல் சொல்லிப் பெருமையடித்தேன்.

இன்று சுவரில் வரைபடத்தை மாட்டி, ஒரு நாள் சுற்றுலாவுக்கு வழி போடச் சொன்னேன். வகுப்பில் ஒரு வாயாடி இருக்கிறாள். ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு, "மேடம், பாறை மேற்குக் கரையில இருக்கு, பாலம் வடக்குக் கோடியில இருக்கு. கார்ல போனாலே அஞ்சாறு மணி நேரம் ஆகும். சார் எப்படி நடந்தாரு? இறக்கை முளைச்சிடுச்சா?" என்றாள். இன்னொருத்தி, "தொப்பி பறந்துச்சுல்ல, அதைப் பிடிச்சுக்கிட்டே போயிருப்பாரு" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

பாடத்தில் பாறை, பாலம் இரண்டின் படத்தையும் ஒரே பக்கத்தில் போட்டு, பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாக எழுதியது நான்தான். போகாத ஊருக்கு வழி சொன்னால் அப்படித்தான் ஆகும். ஆனால் என் தப்பின்மேல் நீங்கள் எப்படி நடந்து போனீர்கள்?

நீங்கள் போனில் சொன்ன மற்ற கதைகளையும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். சனிக்கிழமை ராத்திரி பிடில் கேட்டது, பழைய கோட்டையில் வழி தவறியது, பேருந்து ஓட்டுநருக்கு எல்லோரும் நன்றி சொல்லி இறங்குவது, எல்லாமே நான் எழுதிய பாடம். என் சரக்கையே எனக்கு விற்றிருக்கிறீர்கள்!

நீங்கள் ஊர் சுற்றவில்லை என்றா கோபம்? லீவு நாளிலும் ஓவர்டைம் பார்க்கிறீர்கள் என்றால், பார்க்கிறேன் என்று சொல்வதற்கு என்ன? வீடியோவில் எப்போதும் அதே வெள்ளைச் சுவர்தான். பின்னால் யாரோ இருமினால் டிவி என்கிறீர்கள். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறதே என்றால் வெளிச்சம் சரியில்லை என்கிறீர்கள். நான் என்ன மூன்றாம் மனுஷியா? அழுதால் தேற்றத் தெரியாதவளா?

விசா கையில் இருக்கிறது. அடுத்த மாதம் நானும் பாப்பாவும் விமானம் ஏற வேண்டும். வீட்டுக்காரர் எப்போது காலி செய்கிறீர்கள் என்று நச்சரிக்கிறார். எங்கள் பயிற்சி மையத்து முதல்வர் திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார். இந்த வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது. இரண்டு அறை வீடு, ஜன்னலைத் திறந்தால் பூங்கா என்றீர்களே, அந்த வீடு இருக்கிறதா? இல்லை, அதுவும் ஏதாவது விளம்பரத்தில் படித்ததா?

சாயங்காலம் பாப்பா பொம்மைகளையெல்லாம் ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்து, "அம்மா, அப்பா வீட்ல இதுக்கெல்லாம் இடம் இருக்கா?" என்றாள். முகம் கழுவிட்டு வா என்று அதட்டி அனுப்பினேன். அவள் என்ன பாவம் செய்தாள்?

ஒரே அறைதான், ஆனால் நம் மூவருக்கு மட்டும் என்றால் சொல்லுங்கள், வந்துவிடுகிறோம். நான்கு ஆண்களோடு சேர்ந்து படுத்திருக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். நான் வேலையை விடாமல் இருக்கிறேன், பயணத்தைத் தள்ளிப்போடுவோம். அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன். இரண்டில் எதற்கும் உங்கள் மேல் கோபப்பட மாட்டேன். பெட்டியும் குழந்தையுமாக வந்து இறங்கி, தெருவில் நின்று தெரிந்துகொள்ள நேர்ந்தால், அதை மட்டும் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். உடம்புக்கு ஒன்றும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும், திட்டுவதற்காவது நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். திங்கட்கிழமைக்கு முன்னால் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத,
உங்கள் மனைவி