பாதி வடித்து முழுதாய் ஊற்றிய எண்ணெய்

மச்சான்,

இன்று காலை காருக்கு எண்ணெய் மாற்றினேன். மூன்று தடவை சோப்புப் போட்டும் கையில் அந்தக் கரிந்த வாடை போகவில்லை. காப்பி தம்ளரைத் தூக்கினால் காப்பிக்கு முன்னால் நீதான் வருகிறாய்.

அதே கார்தான். ஜமீன் வீட்டில் விலைக்கு வந்தபோது நான் வாங்கிய இரண்டு இருக்கை, மேல்கூரை இல்லாத, தரையோடு தரையாகக் கிடக்கும் பந்தய வண்டி. ஊரே சிரித்தது. உழுகிறவனுக்கு எதற்கு இந்தக் கூத்து என்று என்னைப் பெற்ற அய்யா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நீ மட்டும் மண்டபம் கரையிலிருந்து வந்து, மூடியைத் திறந்து, எஞ்சினைப் பார்த்து, "எண்ணெய் தாரு மாதிரி கெடக்கு மாப்ள. மாத்தாம ஓட்டாத" என்றாய். எனக்கு அது முதல் கார். லாஞ்சுப் படகு எஞ்சின் ஓட்டுகிற உனக்கும் காருக்கு எண்ணெய் மாற்றுவது அதுதான் முதல் தடவை. ஆனால் நம் இருவருக்கும் வாய் மட்டும் பத்து வருஷம் கார் ஓட்டியவர்களின் வாய்.

அவசரம் உன்னுடையது. மூன்றாம் நாள் கீழக்கரையில் உனக்கு நிக்காஹ். பெண்ணைப் பெற்றவர் சரக்குத் தோணியில் கொழும்பு வரை போய்வந்த பெரிய மனிதர். "எஞ்சின் கையோட திரியிறவனுக்கா என் மகள்?" என்று ஒரு வருஷம் இழுத்தடித்துத்தான் சம்மதித்தார். அவர் வாசலில் சுத்தமாக, நேரத்தோடு, காரில் போய் இறங்க வேண்டும் என்று உனக்கு ஒரே வைராக்கியம்.

உன் வீட்டுக்குப் பின்னால் கடற்கரையில்தான் வேலை. வண்டிக்கு அடியில் ஒரு சாண் இடம்கூட இல்லை. ஆள் நுழைய முடியாது. நீ கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "வத்தைய அடி பாக்கச் சாய்க்கிறதில்லையா, அப்படிச் சாய்ப்போம்" என்றாய். படகுக்காரர்கள் நான்கு பேர் வந்து ஒரு பக்கத்துச் சக்கரங்களைத் தூக்க, அடியில் பனைத்துண்டுகளைக் கொடுத்தோம். கார் படகு மாதிரி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. வடிகால் திருகு தூக்கிய பக்கத்தில் இருந்தது. கைக்கு எட்டியது என்ற சந்தோஷத்தில் கழற்றினோம். கறுப்பாக ஒழுகி நின்றது.

நீ அடியில் வைத்த சட்டியைப் பார்த்தாய். "வந்தது கொஞ்சமாக் கெடக்கே மாப்ள."

"பழைய எண்ணெய், பாதி எரிஞ்சு போயிருக்கும்."

"இறக்கி வச்சு அளவுக் கம்பிய ஒரு தடவ உருவிப் பாரு."

"புத்தகத்துல ஒரு காலன் எண்ணெய்னு போட்டிருக்கு மச்சான். நீ கடல்ல ஓட்டு, தரைய எங்கிட்ட விடு" என்று திருகை மாட்டிப் புது எண்ணெய் டின்னைக் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தேன். அந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிர்.

நிக்காஹ் அன்று சாயங்கால அஸர் தொழுகைக்குள் போய்ச் சேர வேண்டும். நீ வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையும் மாலையுமாக என் பக்கத்தில். பெரியபட்டினம் தாண்டியதும் பின்னால் சாலையே தெரியவில்லை, அவ்வளவு புகை. வண்டி இருமிற்று, திணறிற்று.

"நிறுத்து" என்றாய். இறங்கி, அளவுக் கம்பியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தாய். எண்ணெய் அளவுக் கோட்டுக்கு மேல் நாலு விரல் நின்றது. சாய்த்த பக்கத்தில் பழைய எண்ணெய் பாதி தங்கியிருக்கிறது, அதன்மேல் நான் ஒரு காலனைக் கொட்டியிருக்கிறேன் என்று உனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நீ என்னைத் திட்டவில்லை. கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாய். தலைப்பாகையை என் தலையில் வைத்தாய். "மண்ணு படாமப் புடிச்சுக்க."

சாலையோர மணலுக்கு வண்டியைத் தள்ளச் சொல்லி, அடியில் இரண்டு கையாலும் மணலைப் பறித்து, அந்தக் குழிக்குள் வழுக்கிக்கொண்டு போனாய். முந்தாநாள் கடற்கரையில் அவ்வளவு மணல் இருந்தும் நம் இரண்டு மண்டைகளுக்கும் இது தோன்றவில்லை பார். வடிகால் திருகைத் தளர்த்தி மிகுதியை வடித்தபோது கொதிக்கிற எண்ணெய் உன் முழங்கை வரை வழிந்தது. "யா அல்லாஹ்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த வழியாக மாட்டுவண்டியில் போனவர்கள் தலைப்பாகையோடு நின்ற என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை வண்டியா? என்ன இங்கன நிக்கிது?" என்று விசாரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

போய்ச் சேர்ந்தபோது தொழுகை முடிந்து சபை காத்திருந்தது. கோட்டு வெள்ளை, கை இரண்டும் கறுப்பு. மருதாணி இட்ட விரலே தெரியவில்லை. பெண்ணைப் பெற்ற பெரியவர் உன் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார்.

"யார் பாத்த வேல இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "நான் பாத்த வேலதான் மாமா. பாதிய வடிச்சுட்டு முழுசா ஊத்திட்டேன். வழியில நிறுத்திச் சரி பண்ணிட்டுத்தான் வாரேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என்று எழுதிவிட்டேன். பொய். திறக்க எனக்கு நேரம் இருந்தது. படித்தவன், காருக்குச் சொந்தக்காரன், அத்தனை பேர் முன்னால் அசடு வழிய மனம் வரவில்லை.

அவர் தானே செம்பை எடுத்து உன் கையில் தண்ணீர் ஊற்றினார். "தப்புன்னா தப்புன்னு சொல்றவன் போதும். நிக்காஹ் ஓத ஹஜ்ரத்தைக் கூப்பிடுங்க" என்றார்.

அதன்பிறகு எந்த விசேஷத்திலும் அவருக்கு இந்தக் கதைதான். "எண்ணெய் ஊத்தத் தெரியாத மருமகன்" என்று சொல்லிச் சிரிப்பார். நீயும் சிரிப்பாய். ஒரு தடவைகூட என் பக்கம் கண்ணைக் காட்டியதில்லை. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன்.

மச்சான், நீ கண்ணை மூடி இன்று நாற்பதாம் நாள், பாத்திஹா ஓதுகிறார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் உன் வீட்டுக்குப் புறப்படுகிறேன். பெரியவர் இருப்பார். உன் பிள்ளைகள் இருப்பார்கள். அவர் கட்டாயம் அந்தக் கதையை எடுப்பார். எடுக்கும்போது எழுந்து நின்று சொல்லப் போகிறேன், கம்பியைப் பார் என்று அவன் சொன்னான், பார்க்காமல் ஊற்றியது நான்தான் என்று. இத்தனை வருஷம் என் தப்பை நீ வைத்திருந்தாய். இனி அது என்னிடம் இருக்கட்டும்.