வாத்துக்கும் கொக்குக்கும் நடுவே ஓர் அன்னம்

இன்று காலை உன் பெயர் போட்ட சேலையைக் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கு உடுத்தி நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் குளிர்ந்த காற்றோடு ரோஜா ஊதுபத்தியும் புதுப் பட்டின் கஞ்சி வாசனையும் வந்தன. கல்யாணப் பட்டெடுக்க வந்த ஓர் அம்மாள் முந்தானையை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கலர் நல்லா இருக்குதுபா. ஆனா முந்தானையில போய் யாராவது கொக்கு போடுவாங்களா?"

விற்பனைப் பையன் பதறிப்போனான். "கொக்கு இல்லம்மா, அன்னம். பெரிய ஆர்ட்டிஸ்ட் வரைஞ்சது. செத்துட்டாரு."

செத்துப்போனால் கொக்கு அன்னமாகிவிடும் என்று நம்புகிறார்கள். நீ இருந்திருந்தால் அந்தப் பொம்மையைத் தூக்கி ரோட்டில் போட்டிருப்பாய்.

போன மாதம் இதே கடையின் மாடியில் உனக்கு நினைவுக் கூட்டம் நடந்தது. நீ கடைசியாக வரைந்த தாளைச் சட்டம் போட்டு, சந்தன மாலை சாத்தி மாட்டியிருந்தார்கள். அன்னத்தின் கழுத்து கண்டபடி நீண்டிருந்தது. பக்கத்தில் நிலா, முட்டை மாதிரி. சென்னையிலிருந்து வந்த விமர்சகர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். அது கழுத்தல்லவாம், தவிப்பாம். அடுத்தவர் விடுவாரா? அது நிலாவல்ல, பிரபஞ்சம் என்றார். கைதட்டினார்கள். முதலாளியின் மகன், "ஒரு கோடு கூட மாத்தாம, அவர் வரைஞ்ச மாதிரியே நெய்யப் போறோம்" என்று அறிவித்தான். மறுபடியும் கைதட்டல். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். அது தவிப்புமல்ல, பிரபஞ்சமுமல்ல. அது கணக்கு.

உன் முதல் அன்னம் ஞாபகமிருக்கிறதா? நான் அப்போதுதான் இயந்திரவியல் படித்துவிட்டு வந்திருந்தேன். நீ சதுரக் கட்டத் தாளில் அழகாக ஓர் அன்னம் வரைந்து வந்தாய். உன்னிடம் சொன்னேன்: தறியில் ஒரு கட்டம் ஓர் இழை, பாவு இழையும் குறுக்கே ஓடும் ஊடை இழையும் ஒரே நெருக்கத்தில் இருக்காது, ஊடை நெருங்கி விழும்போது படம் உயரத்தில் நசுங்கும், தாளில் நீட்டி வரைந்தால்தான் துணியில் சரியாக நிற்கும். "படத்துக்கெல்லாம் ஸ்கேல் வைக்காதடா" என்றாய். நெய்து வந்த முந்தானையைப் பார்த்த பழைய முதலாளி, "இன்னாபா இது, வாத்து மாரி கீது?" என்று கேட்டார். நீ கொஞ்சமும் கூசாமல் என்னைக் கைகாட்டினாய். "இவன் தறி மேல ஏத்துனதுல கெட்டுப்போச்சு."

நீயும் லேசுப்பட்டவன் இல்லை.

அதற்குப் பிறகு பல வருடங்கள் நீ வரைவாய், நான் கட்டம் கட்டமாக நீட்டித் திருத்துவேன். வட்டம் வட்டமாகவே நெய்து வந்தது. மயிலுக்குக் கால் இருந்தது. "உன் அன்னத்துக்கு ஏண்டா இவ்வளவு தொப்பை?" என்று கேட்டால், "காஞ்சிபுரத்து அன்னம்டா, இட்லி துன்ற அன்னம்" என்பாய். தாளைப் பார்த்து நீ முகம் சுளிக்கும்போதெல்லாம் நான் சொன்னது ஒன்றுதான்: "நெய்ஞ்சா தான் தெரியும்."

பிறகு உனக்கு விருது. மேடையில் யாரோ கேட்டார்கள், இத்தனை நுணுக்கம் தறியில் எப்படி வருகிறது என்று. நீ மைக்கைப் பிடித்துச் சிரித்தாய். "அதுக்கு ஒரு ஆள் வச்சிக்கீறேன், கட்டம் நிரப்புறதுக்கு." சபை சிரித்தது. அந்தச் சபையில் என் மனைவி இருந்தாள், நான் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய மாணவர்கள் இருந்தார்கள். அன்றோடு உன்னிடம் பேசுவதை நிறுத்தினேன். நான் செய்தது இன்றும் சரி என்றே நினைக்கிறேன். உன் சாவுக்கு வந்தேன், சமாதானத்துக்கு வரவில்லை.

போன மாதம் நினைவுக் கூட்டம் முடிந்ததும் முதலாளியின் மகனிடம் போய் விளக்கினேன். உங்கள் கணினி, தாளில் இருப்பது போலவே துணியில் வரும்படி கட்டங்களைத் தானாக மாற்றிவிடும்; இந்தப் படத்துக்கு அது வேண்டாம்; இவன் தறிக்கென்றே நீட்டி வரைந்திருக்கிறான்; கட்டத்துக்கு ஓர் இழையாக ஏற்றினால் கழுத்து தானாக இறங்கும், நிலா உருண்டையாகும் என்றேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். காது கேளாதவர்களிடம் காட்டும் பொறுமை. "சார், நீங்க இன்ஜினியர். உங்களுக்கு எல்லாம் ரவுண்டா இருக்கணும். இது ஆர்ட் சார்."

கலை என்றால் கணக்கு தெரியாமலிருப்பது என்று இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நீதான். மேடை மேடையாக நீதான் சொன்னாய்.

நேராக உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி காப்பி கொடுத்தாள். பிறகு அந்தக் கடைசி அன்னத்துக்கு நீ போட்ட பென்சில் வரைவை எடுத்து வந்து கையில் வைத்தாள். "கடைக்காரங்க மையில போட்டதை மட்டும் எடுத்துக்கினு போனாங்கண்ணா. இத குப்பைன்னு வுட்டுட்டாங்க. வரையறதும் அழிக்கறதுமாவே இருந்தாரு. சரியா வந்துச்சான்னு கேட்டா, நெய்ஞ்சா தான் தெரியும்னாரு."

ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்திருந்தது. நிலாவை அளந்து பார்த்தேன். கழுத்து, கண், தொப்பை எல்லாவற்றையும் அளந்தேன். எல்லாம் ஒரே விகிதத்தில் நீண்டிருந்தன. என் விகிதம். கணினியிடம் கொடுத்திருக்கலாம், நீ உன் கையாலேயே போட்டுப் பார்த்திருக்கிறாய். என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்க மட்டும் உனக்கு வாய் வரவில்லை.

படத்தைத் தறிக்கான அட்டையில் துளை துளையாக அடித்துத் தரும் கரீம் பாய், பெரிய காஞ்சிபுரத்தில் தன் பக்கத்து வீட்டுத் தறியிலேயே ஏற்றிக் கொடுத்தார். "இன்னா சார், ஒட்டகச்சிவிங்கி வரைஞ்சிக்கினு வந்துகீறீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் அடித்தார். ஒரு கட்டத்தைக்கூட மாற்ற வேண்டாம் என்றேன். ஒரு சாண் துணிதான். தறிக்காரர் அறுத்து நீட்டியதும் பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அட, தொப்பையப் பாரு!" என்றார்.

கழுத்து அளவாக வளைந்திருந்தது. நிலா உருண்டையாக இருந்தது. இட்லி தின்ற அன்னம்.

கடைக்காரனிடம் காட்டவில்லை. அவனும் அவனுடைய விமர்சகர்களும் கொக்கைக் கும்பிட்டுக்கொண்டிருக்கட்டும்; அவர்களுக்கு அது போதும். உன் மனைவிக்குக் காட்டினேன். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீங்களே வச்சிக்கோங்கண்ணா" என்றாள்.

மேடையில் நீ சொன்னதை மன்னிக்கவில்லை. இனி மன்னிக்கவும் உத்தேசமில்லை. ஆனால் இன்று காலை அந்தப் பொம்மையின் முன்னால் நின்றபோது கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. மடித்த துணி அங்கேதான் இருந்தது. சரியாகத்தான் வந்திருக்கிறதடா.