படம் காட்டாத புறோசசர்

யூன் 3, 2025, செவ்வாய்

அண்ணையின் லப்டொப் இன்று மூன்றாவது முறையாக மயங்கி விழுந்தது. கல்யாண வீடியோ ஒன்றை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், திரை உறைந்தது. இருபது நிமிடமாக மாப்பிள்ளை யோசித்துக்கொண்டே நின்றார். "பாவம், கடைசியா ஒருக்கா யோசிக்க நேரம் குடுக்குது" என்றேன். அண்ணை (பெயர் ஜெரிசன், வயது இருபத்தாறு, சிரிப்பு வருடத்துக்கு இரண்டு முறை) வயரைச் சுருட்டி எறிந்தார். வீடியோ எடுப்பதுதான் எங்கள் வீட்டுத் தொழில்.

ஆனால் எங்களுக்குச் சோறு போடுவது கல்யாணம் இல்லை, செத்தவீடு. வெளிநாட்டிலிருந்து வர முடியாத சொந்தங்களுக்கு நேரலை. லைவ் என்று போடுகிறோம். முக்கியமான ஆள் மட்டும் லைவ் இல்லை. இதை அம்மாவுக்குச் சொன்னேன், அகப்பை பறந்து வந்தது.

முடிவு: வீட்டுக்கு ஒரு முழுக் கொம்பியூட்டர். பாகம் பார்த்து எடுக்கும் பொறுப்பு என்னுடையது. ஓ.எல். சோதனை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்கு இருக்கிறவளுக்கு வேறு என்ன வேலை.

யூன் 7, சனி

அண்ணை நெல்லியடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். லப்டொப்பைக் கொடுத்துப் பாகங்களாக மாற்றி வர, நான் தனியே ஹலீம் நானாவின் கொம்பியூட்டர் கடைக்குப் போனேன். ஹலீம் நானா ஒரு பாகத்தைக் கையில் எடுத்தால் அதன் பிறப்பு முதல் இறப்பு வரை சொல்லாமல் வைக்கமாட்டார்.

இரண்டு வழி இருந்தது. நல்ல புறோசசர், அதற்குள்ளேயே படம் காட்டும் பகுதி இருக்கிறது. அதோடு சின்னதாக ஒரு புதுக் கிராபிக்ஸ் காட், படம் காட்டும் அட்டை. அல்லது, பாவித்த பெரிய கிராபிக்ஸ் காட். பெரியதை எடுத்தால் மிச்சத்துக்கு மலிவுப் புறோசசர்தான் வரும், தானாகப் படம் காட்டாத வகை. காட் இல்லையென்றால் திரையில் ஒன்றும் வராது.

"பாருங்க மகள், இந்தப் பெரிய காட் கொழும்பிலை ஒரு வீட்டிலை பிட்கொயின் காசு உழைக்க ரெண்டு வருசம் இரவு பகலா ஓடினது. எப்ப நிக்கும் எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். லைவ் செய்யிற ஆக்களுக்கு மற்றதுதான் சரி. காட் செத்தாலும் புறோசசர் படம் காட்டும்."

"ரெண்டு வருசம் உழைச்ச காட்டுக்கு ஒரு பென்சனாவது குடுத்திருக்கலாமே நானா."

"பகிடி விடாதீங்க. அண்ணைட்டை ஒருக்காக் கேட்டிட்டு எடுங்க."

கேட்கவில்லை. கடைத் திரையில் அந்தக் காட்டில் ஒரு கார் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடியில் மழைத்துளி ஒவ்வொன்றும் தனித்தனியாக வழிந்தது. அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்து பெரியதையே எடுத்தவள் நான்.

பின்னேரம் அண்ணை கேட்டார். "ஹலீம் நானா எதைத் திறம் எண்டவர்?"

"இதைத்தான்."

யூன் 8, ஞாயிறு

பாகங்களைப் பூட்டிக் கொம்பியூட்டர் ஆக்கியாயிற்று. ஒரு மணித்தியால வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்தது. அண்ணையின் இந்த வருடச் சிரிப்பில் ஒன்று செலவு.

யூன் 19, வியாழன்

பக்கத்து வீட்டு லூர்த்தம்மா மாமியின் போன் மணியை ஆடு கத்துகிற சத்தமாக மாற்றிவிட்டேன். மனுசி காலை முழுக்க வளவுக்குள் ஆடு தேடினா.

"எடி குரங்கு, உன்னைக் கட்டுறவனுக்கு இப்பவே ஒரு பூசை ஒப்புக்குடுக்கோணும்."

"காணிக்கை உங்கடை செலவு மாமி."

சிரித்த சிரிப்பில் மூச்சு முட்டிக் கதிரையில் இருந்துவிட்டா. இப்போது அடிக்கடி முட்டுகிறது. இதயம் வீங்கியிருக்கிறதாம்.

மாமிக்கு ஒரே மகள், வசந்தினி அக்கா. பிரான்சுக்கு, பாரிசுக்குப் போய் ஒன்பது வருடம். விசாப் பேப்பர் இன்னும் சரிவரவில்லை. வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

"என்ரை பெட்டி மூடேக்கை அவளும் எங்களோடை நிக்கோணும் பிள்ளை. உங்கடை புது மிசினாலை ஏலும்தானே?"

"ஏலும். ஆனா புக்கிங் நிறைய இருக்கு, நீங்கள் அவசரப்படக் கூடாது."

கையைப் பிடித்தா. "பகிடி இல்லையடி."

"ஓம் மாமி. நிப்பா."

யூலை 2, புதன்

கொம்பியூட்டரில் கார் விளையாட்டு விளையாடிக்கொண்டிருக்கும்போது திரை ஒரு தரம் இருண்டு திரும்ப வந்தது. காட்டைத் தொட்டேன், சுட்டது. அண்ணைக்குச் சொன்னால் ஹலீம் நானாவுக்குப் போன் எடுப்பார். எடுத்தால் அவர் கடையில் சொன்னது முழுக்க வெளியில் வரும்.

விசிறியில் தூசி. அதுதான். அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

யூலை 14, திங்கள்

மாமி விடிய ஆஸ்பத்திரியில் போய்விட்டா. புதன்கிழமை அடக்கம்.

யூலை 16, புதன்

எழுதத்தான் வேண்டும்.

பக்கத்து வீடு என்பதால் கமரா வயரை மதிலுக்கு மேலால் இழுத்து, எங்கள் ஹோலில் இருந்தே நேரலை. அண்ணை அங்கே கமராவோடு. நான் இங்கே கொம்பியூட்டருக்கு முன்னால், தனிய. மாமியின் மற்றச் சொந்தம் எல்லாம் இந்த ஒழுங்கைக்குள், இதே தெருவில்தான். நேரலையில் பார்க்க இருந்தது ஒரே ஒரு ஆள்.

இரண்டு மணிக்குத் தொடங்கினோம். இரண்டு இருபத்தொன்றுக்குத் திரை கறுத்தது. விசிறி ஓடியது, படம் இல்லை. நிப்பாட்டித் திரும்பப் போட்டேன். கறுப்பு. காட்டைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். கறுப்பு. அப்போதே தெரியும். காட் செத்துவிட்டது, புறோசசர் படம் காட்டாது, இனி எத்தனை தரம் போட்டாலும் — தெரியும்.

அண்ணை போன் எடுத்தார். "என்னடி, வசந்தினி அக்காவுக்குப் படம் நிண்டிட்டுதாம்."

"ரெண்டு நிமிசம்."

"நான் போனிலை பிடிச்சுக் காட்டட்டோ?"

"வேண்டாம் அண்ணை. வந்திடும்."

ஏன் அப்பிடிச் சொன்னன்? காட் செத்துப்போச்சு எண்டால் ஏன் செத்தது எண்டு கேப்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து. அவ்வளவுதான். வேறை ஒண்டும் இல்லை.

மதிலுக்கு அங்கால் மாமியின் தம்பி இன்னாசித்தம்பியின் குரல் கேட்டது. "வசந்தினிப் பிள்ளை பாக்கட்டும் சுவாமி. கொஞ்சம் பொறுங்கோ." பங்குச் சுவாமி பொறுத்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மூன்று மணிக்குக் கோயிலில் பூசை. அண்ணை திரும்ப எடுத்தார். நான் திரும்பவும் "இப்ப வந்திடும்" என்றேன். சுவிச்சைப் போடுவதும் நிப்பாட்டுவதுமாக இருந்தேன், பார்க்க ஆளில்லாத இடத்தில் நடித்துக்கொண்டு.

பிறகு எல்லாரும் ஒரேயடியாக அழுகிற சத்தம் வந்தது. பெட்டியை மூடினால்தான் அப்படி வரும்.

யூலை 17, வியாழன்

அண்ணை என்னைத் தேற்றுகிறார். "மிசின்தானே, நீ என்ன செய்வாய்."

யூலை 20, ஞாயிறு

வசந்தினி அக்கா போன் எடுத்தா. ஏசுவா என்று நினைத்தேன்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? நான்தான் எதையும் அமத்திக் குழப்பிப்போட்டனோ? படம் நிண்ட உடனை வெளியாலை போய்த் திருப்பித் திருப்பி உள்ளுக்கு வந்தனான். வேலைத்தலத்துப் படிக்கட்டிலை நிண்டனான்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கமராவிலை பதிஞ்சதை ஜெரிசன் தம்பி பிறகு அனுப்பினவர். பாக்கேல்லை. அது முடிஞ்சதுதானே. மூடேக்கை எல்லாரும் அழுவினம், அதுக்குள்ளை நானும் ஒராளா நிண்டு அழுவம் எண்டுதான் லீவு கேட்டு வெளியாலை வந்தனான். கறுப்பைப் பாத்துக்கொண்டு நிண்டன். எனக்கு உந்தப் போன் சாமான் ஒண்டும் விளங்கிறேல்லை. என்ரை பிழைதான் என்ன?"

எதற்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். இன்றைக்கும் இருந்தது. "ஓம் அக்கா" என்றேன்.

ஓம் எண்டன். அவவின்ரை பிழையாம். ஓமாம்.

யூலை 21, திங்கள்

அண்ணைக்குச் சொன்னேன். ஹலீம் நானா சொன்னது, நான் மாற்றிச் சொன்னது, திரை இருண்டது, எல்லாம். கமரா வில்லையைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த நேரம் முழுக்க, வராது எண்டு உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"என்ரை போன் சட்டைப் பையுக்குள்ளை இருந்தது."

வில்லை எப்போதோ துடைபட்டுவிட்டது. அவர் நிப்பாட்டவில்லை. பிறகு, "அவவுக்கு நீயே சொல்லு. நான் சொல்லமாட்டன்" என்றார்.

யூலை 23, புதன்

அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பக் குரலில் பதிந்து ஆறு தரம் அழித்தேன். ஒவ்வொன்றிலும் இடையில் ஒரு பகிடி தானாக வந்து குந்திக்கொண்டது. ஏழாவதில் வரவில்லை. நாலு நிமிடம். "நீங்கள் ஒண்டையும் குழப்பேல்லை அக்கா" என்று தொடங்கியது. அனுப்பிவிட்டேன்.

யூலை 24, வியாழன்

அக்கா கேட்டுவிட்டா. குறி நீலமாகியிருக்கிறது. பதில் இல்லை.

ஓகஸ்ட் 2, சனி

ஹலீம் நானா முதலில் சொன்ன புறோசசரையே அண்ணை போய் எடுத்துவந்து பூட்டினார். ஒரு கட்டத்தில் ரோர்ச் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. நான் வாசலில்தான் நின்றேன். குசினிக்குள் இருந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

ஓகஸ்ட் 13, புதன்

மாமியின் முப்பத்தோராம் நாள் பூசை. நேரலைக்கு எங்களைக் கேட்கவில்லை. இன்னாசித்தம்பி மாமா போனில் படம் காட்ட இப்போது பழகிவிட்டார். பூசை முழுக்க அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் வசந்தினி அக்கா.

பூசை முடிய, கோயில் இருக்கை வரிசையில் வாங்கு வாங்காகப் போய் வந்த சனத்தைக் காட்டினார். "இது கமலாவதி அக்கா. மெலிஞ்சிட்டா என்ன? இது எங்கடை சங்கத் தலைவர், பாக்கிறியோ." எல்லாரும் போனுக்குள் குனிந்து கையசைத்தார்கள்.

எங்கள் வாங்குக்கு வந்தார். அம்மாவைக் காட்டினார். அண்ணையைக் காட்டினார். நான் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினேன்.

மாமா போனை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்தபடி என்னைக் கடந்தார். அடுத்த வாங்கில் திரும்பத் தூக்கினார்.