என் கையைப் பிடித்தவள்

கண்ணு,

என் முதல் பிரசவத்தன்றைக்கு அந்த அறையில் இருந்தது மாமியார், நாத்தனார், மருத்துவச்சி, என் அம்மா. பிள்ளைக்குத் தலை பெரிசு, வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கணும் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். "கத்தி பட்ட வயிறு அப்புறம் எதுக்குடி ஆகும்?" என்று மாமியார் கதவைச் சாத்தினாள். மருத்துவச்சி என் வயிற்றில் முழங்காலை ஊன்றி அழுத்தினாள். வாயைப் பொத்திய நாத்தனாரின் விரலை எலும்பு தெரியக் கடித்தேன். பிள்ளை நீலம் பாரித்து வந்தது. அழவே இல்லை.

அடுத்த பிரசவத்துக்கு நானே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே படுத்தேன், கிழித்தார்கள். உன் அம்மா வீறிட்டாள்.

உனக்கும் டாக்டர் அதையேதான் சொல்கிறாராம். பயந்துகொண்டே போய்ப் படுடி.

மற்ற மூவரையும் திட்டித் திட்டியே தீர்த்துவிட்டேன். "பெரியவங்க சொன்னா கேளு" என்று என் இரண்டு கையையும் அமுக்கிப் பிடித்தாளே, என் அம்மா, அவளை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

உன் பாட்டி