மேசையில் விழுந்த நண்டு

காரைக்கால்,
ஜனவரி 21

அன்புள்ள ஷிஃபாவுக்கு,

தையல்நாயகி அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிரான்சில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் உம்மாவைப் போன வாரம் கடைத்தெருவில் பார்த்தேன். முழங்கால் வலி தேவலையாம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும், அதான் உன் சாருக்கும், ஒரே போன். வாட்ஸ்அப்பில் எழுதினால் அவர் பார்த்துவிடுவார் என்றுதான் தபாலில் எழுதுகிறேன்.

சார் உனக்கு ஒரு கட்டுரை அனுப்பப் போகிறார். அவரிடம் படித்து ஆராய்ச்சிக்குப் போனவள் என்று உன் பெயரையும் தன் பெயரோடு சேர்த்திருக்கிறார். 'இறந்தவர்களின் வருகை: ஓர் உயிரியல் பார்வை' என்று தலைப்பு.

நம் பெண் இளவேனில் விபத்தில் போய் இந்தத் தையோடு இரண்டு வருஷம். முப்பது வருஷம் விலங்கியல் நடத்திய மனிதர், ஒரு காலைக் காட்டினாலே என்ன நண்டு என்று சொல்கிறவர், ஆறு மாதமாக வடிவாம்பாள் என்று ஆவிகளோடு பேசுகிற ஒருத்தியிடம் போய்வருகிறார். கையில் வெப்பமானி, நோட்டுப் புத்தகம். கேட்டால், விக்டோரியா மகாராணி காலத்தில் வண்டும் பறவையும் தேடிக் காடு காடாக அலைந்த இங்கிலாந்து விஞ்ஞானி ஒருவர் ஆவிக் கூட்டங்களுக்கும் போனாராம், இரண்டுக்கும் பகையில்லை என்று எழுதினாராம். "அவர விட நாம பெரியவங்களா தையல்?" என்கிறார்.

போன ஞாயிறு காலை என்னையும் அழைத்துப் போனார். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. ஊதுபத்திப் புகைக்குள் வியர்வை நாற்றம். அந்த வடிவாம்பாள் கண்ணைச் செருகிக்கொண்டு, "அப்பா, நான் வெனிலு வந்திக்கேன்" என்று மழலையில் குழறினாள். இருபத்து நான்கு வயதில், ஒரு வகுப்பையே அதட்டி உட்கார வைத்த டீச்சரம்மா நம் பெண். அவளுக்கா மழலை? எழுந்து அந்த வாயைப் பொத்தலாமா என்றிருந்தது.

"மண்டபத்தூர் கடக்கரையிலேர்ந்து அப்பாவுக்கு ஒண்ணு கொண்டாந்தேன்" என்றாள். மேசையில் பொத்தென்று ஏதோ விழுந்தது. விளக்கைப் போட்டார்கள். உயிருள்ள நண்டு.

ஷிஃபா, நான் நெரவியில் வயல்வெளியில் வளர்ந்தவள். அது வயல் நண்டு. காலில் சேறும் நெல் வேரும் ஒட்டியிருந்தன. அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, உன் சார் நோட்டில் எழுதினார்: 'கடல் நண்டு, ஆண், உயிருடன்.'

ஆட்டோவில் வரும்போது, "அது வயல் நண்டுதானேங்க?" என்று கேட்டேன்.

"தெரியும்" என்றார்.

அந்தப் பொம்பளையின் பித்தலாட்டம்கூட எனக்குப் பெரிதில்லை. ஒரு நண்டின் பெயரைத் தப்பாகச் சொன்ன பையனை வகுப்பில் நிற்க வைத்த மனிதர், தெரிந்தே பொய் எழுதினார். அந்த நோட்டை இன்னும் என்னால் தொட முடியவில்லை.

"ஏங்க இப்புடிப் பண்ணுனீங்க?" என்று சத்தம் போட்டேன். அவர் சொன்னார்: "இங்க அவ பேரச் சொன்னா நீ எந்திரிச்சுப் போயிடுற. அங்க போனா ஒரு மணி நேரம் அவளப் பத்திப் பேசலாம்."

நிஜம்தான். இந்த வீட்டில் அவள் பேச்சே கூடாது என்று சொன்னவள் நான்தான். படத்தைக்கூட பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அந்தக் கட்டுரையில் உன் பெயர் வர வேண்டாம் அம்மா. நீ மாட்டேன் என்றால் அவரும் வெளியே அனுப்ப மாட்டார். உன் சொல்லுக்கு அவரிடம் அவ்வளவு மதிப்பு. ஆனால் கடுமையாகப் பேசிவிடாதே. போன் பண்ணு. நீயும் அவளும் கல்லூரி பஸ்சில் அடித்த லூட்டியெல்லாம் அவரிடம் சொல்லு. போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லு. நான் அடுப்படியில்தான் இருப்பேன்.

நீயும் உன் குடும்பமும் எந்தக் குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

உன்
தையல்நாயகி அம்மா